திருக்கை மீனிலிருந்து தொடங்கலாம்: இன்றைய லத்தீன் அமெரிக்க, லத்தினோ எழுத்தாளர்களைக் கண்டடைவது எப்படி?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலமான அந்த இரண்டு மாதங்களில் வலை பொத்துவதும் படகுக்கு வர்ணம் பூசுவதும் போக மிஞ்சும் பகல்பொழுதுதான் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் வாசிக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு வாய்க்கும் நீண்ட ஓய்வு. அப்படியொரு தடைக்காலத்தில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம், “மார்க்வெஸ் படிச்சாச்சு, அடுத்து யாரைப் படிக்கிறதுண்ணே?” என்று கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதன்பின் சில ஆண்டுகள் தேடி வாசித்துக் கற்றுக்கொண்டதை இங்கே முறையாக எழுதுகிறேன்.

தமிழ் வாசகருக்கு லத்தீன் அமெரிக்கா புதியதல்ல. கோணங்கியின் ‘கல்குதிரை’ சிற்றிதழ் மார்க்வெஸுக்குச் சிறப்பிதழ் கொண்டுவந்தது. பிரம்மராஜன் போர்ஹெஸின் கதைகளை மொழிபெயர்த்தார். நெரூதாவின் கவிதைகள் சுகுமாரன் வழியாக வந்தன. 2013இல் ஞாலன் சுப்பிரமணியனும் சுகுமாரனும் மொழிபெயர்த்த, மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவல் வெளியானது. இந்த உழைப்புக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் போர்ஹெஸ் பிறந்தது 1899இல், நெரூதா 1904இல், மார்க்வெஸ் 1927இல். இவர்களுக்குப் பேரன் பேத்தி வயதுள்ள எழுத்தாளர்கள் இன்று அந்தக் கண்டத்திலும் அதற்கு வெளியிலும் மிகத் தீவிரமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலரின் பெயரைக்கூட நாம் கேட்டதில்லை. தெரிந்த பெரிய பெயர்களிலேயே நின்றுவிடுவதும், இணையத்தில் கிடைக்கும் ‘வாசிக்க வேண்டிய நூறு நூல்கள்’ வகைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்க முயன்று மூன்றாவது நூலில் சோர்ந்துபோவதுமே இதற்கு முதன்மையான காரணங்கள் என்று நினைக்கிறேன்.

தேடத் தொடங்கும் முன் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ சிலியிலோ இருந்து ஸ்பானிய மொழியில் எழுதுபவரும், பிரேசிலில் இருந்து போர்த்துகீசிய மொழியில் எழுதுபவரும் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள். அந்நாடுகளிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் லத்தினோக்கள்; பெண்ணாக இருந்தால் லத்தினா. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். இவர்களுடைய எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இடையிடையே ஸ்பானியச் சொற்கள் கலந்து எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து தமிழில் எழுதுபவருக்கும், டொரண்டோவில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் ஈழத்தமிழர் மகளுக்கும் உள்ள உறவையும் தூரத்தையும் நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். தேடுபவருக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு: முதல் வகையினரை மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும், இரண்டாம் வகையினரை நேரடியாக ஆங்கிலத்திலேயே வாசித்துவிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில், நீங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள் என்பதே. எனக்கு அது திருக்கை மீனாக அமைந்தது.

அர்ஜென்டினாவின் செல்வா அல்மாடா எழுதிய சிறிய நாவல் ஒன்று, ஆனி மெக்டெர்மாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘நாட் எ ரிவர்’ என்ற பெயரில் வந்து, ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களுக்கான இன்டர்நேஷனல் புக்கர் பரிசின் 2024ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. நடுவயதைக் கடந்த இரு நண்பர்கள், இறந்துபோன மூன்றாவது நண்பனின் மகனையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் மீன்பிடிக்கப் போகிறார்கள். பெரிய திருக்கை ஒன்று சிக்குகிறது. அதைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அது கெடத் தொடங்கியதும் திரும்ப ஆற்றிலேயே தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தீவில் வாழ்பவர்களுக்கு இதனால் மூளும் கோபம் நாவல் முழுவதும் மெல்லப் பரவுகிறது. வடகடலில் நாற்பது ஆண்டுகளாக வலை விடும் என் சித்தப்பாவிடம், தடைக்காலத்து மாலை ஒன்றில், வத்தை என்னும் நாட்டுப் படகின் நிழலில் உட்கார்ந்து இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். துப்பாக்கி அவரை வியக்கவைக்கவில்லை. திருக்கை ஏறினால் வாலில் இருக்கும் முள்ளை முதலில் ஒடித்துப் போடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பதால், அஞ்சித்தான் சுட்டிருப்பார்கள் என்றார். மீனை ஆற்றில் தள்ளிய இடம் வந்ததும் கையிலிருந்த நூலையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டு, “ஏப்பா, கொன்னதத் திங்காமயா திரும்பப் போட்டாய்ங்க?” என்று கேட்டார். அந்த நாவலின் உயிர்நிலை அந்தக் கேள்விதான். எந்த மதிப்புரையும் வாசிக்காத ஒருவர், தொழில் அறிவினால் மட்டுமே அதைத் தொட்டுவிட்டார்.

ஆகவே கடற்கரையில் இருப்பவர் மீனையும் படகையும் பிடித்துக்கொண்டு தேடலாம். கீழக்கரையில் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் குடும்பத்தினர், பிரிந்து வாழும் குடும்பங்களின் கதைகளைத் தேடலாம். உழவர் வீட்டுப் பிள்ளைகள், அர்ஜென்டினாவின் சமாந்தா ஷ்வெப்ளின் எழுதிய ‘ஃபீவர் ட்ரீம்’ நாவலில் வயலுக்கு அடிக்கும் நஞ்சு ஒரு தாயையும் குழந்தையையும் என்ன செய்கிறது என்று வாசிக்கலாம். ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய அளவுள்ள அந்த நூல் பல நாட்கள் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது.

ஒரு நூல் பிடித்துப்போய்விட்டால், அதை மூடி வைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அட்டையையும் உள்பக்கத்தையும் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் தனக்குப் பிடித்த எழுத்தாளர்களைத் தானே தேடிப் போகிறவர். அவருடைய ரசனையை நம்பலாம் என்றால், அவர் தொட்ட மற்ற நூல்களையும் நம்பி எடுக்கலாம். ஷ்வெப்ளினை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மேகன் மெக்டவல் என்ற பெயரைத் தேடினால், அதே பெயரின் கீழ் அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸும், சிலியின் அலெஹாந்த்ரோ சாம்ப்ராவும், லினா மெருவானேயும் கிடைக்கிறார்கள். ஒரு பெயர் நான்கு எழுத்தாளர்களுக்கு வழிகாட்டுகிறது. சோஃபி ஹியூஸ் என்று தேடினால் மெக்சிகோவின் பெர்னாண்டா மெல்சோரிடம் போய்ச் சேர்வீர்கள். ஆனால் மெல்சோரின் ‘ஹரிகேன் சீசன்’ வன்முறையும் வசவும் நிறைந்த, பத்தி பிரிக்காமல் ஓடும் நடையில் எழுதப்பட்ட நூல். அதை முதல் நூலாக எடுக்க வேண்டாம்.

பதிப்பகத்தின் பெயரும் இதே போலப் பயன்படும். அல்மாடாவின் நூலை வெளியிட்ட சார்க்கோ பிரஸ், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2016இல் தொடங்கப்பட்டது. இன்றைய லத்தீன் அமெரிக்க எழுத்தைக் கொண்டுவருவதற்காகவே உருவான பதிப்பகம் என்பதால், அதன் நூற்பட்டியலே நமக்கு ஒரு பாடத்திட்டம். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையிலேயே அச்சிடும் நல்ல வழக்கமும் அதற்கு உண்டு. சார்க்கோ என்றால் ஸ்பானிய மொழியில் தேங்கிய நீர்க்குட்டை. பேச்சுவழக்கில், இரண்டு கரைகளுக்கு நடுவே கிடக்கும் பெருங்கடலையும் அப்படிச் சொல்வார்களாம். தனுஷ்கோடியில் நின்று அக்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் நெருக்கம் புரியும்.

மொழிபெயர்ப்பாளரைக் கவனித்து வாசிப்பதால் கிடைக்கும் பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு, மெக்சிகோவின் யூரி எர்ரேரா எழுதிய ‘சைன்ஸ் பிரிசீடிங் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற குறுநாவல். ஸ்பானிய மூலம் 2009இல் வந்தது. லிசா டில்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வந்து, அடுத்த ஆண்டே பெஸ்ட் டிரான்ஸ்லேட்டட் புக் விருதைப் பெற்றது. ஊர்த் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் மக்கினா என்ற பெண், தாய் கொடுத்தனுப்பும் செய்தியோடு, எல்லைக்கு அப்பால் போய்த் திரும்பாத சகோதரனைத் தேடி ஆற்றைக் கடக்கிறாள். இந்தக் கதையில், வெளியேறிப் போவதைக் குறிக்க எர்ரேரா ‘ஹார்ச்சார்’ என்ற சொல்லைத் தானே உருவாக்கிப் பயன்படுத்துகிறார். அதன் வேர் ‘ஹார்ச்சா’. இடைக்கால ஸ்பெயினில், அரபு, எபிரேயப் பாடல்களின் கடைசியில், மக்கள் பேசிய, லத்தீனிலிருந்து கிளைத்த வழக்கு மொழியில், ஆனால் அரபு அல்லது எபிரேய எழுத்துகளில் எழுதிச் சேர்க்கப்பட்ட இறுதி அடிகளுக்கு அந்தப் பெயர். வெளியேறுதல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. டில்மன் அதை ஆங்கிலத்தில், பாட்டின் அடியைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்ற சொல்லையே வினையாக்கி, மக்கினா ஓர் இடத்தை விட்டு ‘வெர்ஸ்’ செய்தாள் என்று எழுதிவிட்டார்.

முதல் தடவை வாசித்தபோது இதை அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். நூலின் கடைசியில் உள்ள மொழிபெயர்ப்பாளர் குறிப்பைப் படித்த பிறகுதான், நம்முடைய கீழக்கரை என் நினைவுக்கு வந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு செழித்த ஊர் அது. எங்கோ ஸ்பெயினில் மக்கள் பேச்சு அரபு எழுத்தில் ஏறி நின்றதும், இங்கே நம் பேச்சு அதே எழுத்தில் ஏறி நின்றதும் ஒரே வகை நிகழ்வு என்று உணர்ந்தபின், அந்தச் சொல் எனக்கு அயலாகத் தோன்றவில்லை. ஆகையால் முன்னுரை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, நன்றியுரை ஆகியவற்றைத் தவிர்க்காதீர்கள். நன்றியுரையில் எழுத்தாளர் குறிப்பிடும் சக எழுத்தாளர்களின் பெயர்களே பெரும்பாலும் உங்களுடைய அடுத்த நூல்களாக இருக்கும்.

விருதுகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம், அளவோடு. இன்டர்நேஷனல் புக்கர் பரிசில் 50,000 பவுண்டுத் தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். வென்ற நூலை மட்டும் பார்க்காமல் நெடும்பட்டியலைப் பாருங்கள், ஒவ்வோர் ஆண்டும் அதில் லத்தீன் அமெரிக்க நூல்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அமெரிக்காவின் நேஷனல் புக் விருதில் மொழிபெயர்ப்பு இலக்கியத்துக்கான பிரிவு 2018இல் மீண்டும் தொடங்கியது. 2022இல் ஷ்வெப்ளினும் மெக்டவலும் அதை வென்றார்கள். இளம் எழுத்தாளர்களைக் கண்டுகொள்ள, 39 வயதுக்கு உட்பட்ட 39 பேரைத் தேர்ந்து 2007இலும் 2017இலும் வெளியான ‘பொகோத்தா39’ பட்டியல்களும், ஸ்பானிய மொழியின் சிறந்த இளம் நாவலாசிரியர்களுக்காகக் ‘கிராண்டா’ இதழ் 2010இலும் 2021இலும் கொண்டுவந்த சிறப்பிதழ்களும் உதவும். குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் லத்தினோ எழுத்தாளர்களின் குழந்தை நூல்களுக்கு 1996 முதல் வழங்கப்படும் பூரா பெல்ப்ரே விருதுப் பட்டியலைப் பார்க்கலாம். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் லத்தினா நூலகராக இருந்த, புவெர்ட்டோ ரீக்கோவில் பிறந்த பெண்மணியின் பெயரில் அமைந்தது அது.

அமெரிக்க லத்தினோ எழுத்துக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாக ஆங்கிலத்தில் முழு நாவல் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு, நான் தயக்கமின்றிக் கொடுக்கும் நூல் சான்ட்ரா சிஸ்நேரோஸின் ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’. சிகாகோவில் வளரும் எஸ்பெரான்சா என்ற சிறுமியின் குரலில், ஓரிரு பக்கங்களே கொண்ட 44 சிறு பகுதிகளாக எழுதப்பட்டது. மொழி எளிது, ஒரு பகுதியை இருமுறை வாசித்தால் அகராதி அதிகம் தேவைப்படாது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆர்த்தே பூப்ளிக்கோ பிரஸ் 1984இல் இதை முதலில் வெளியிட்டது. லத்தினோ எழுத்துக்கென்றே 1979 முதல் நடந்துவரும் பதிப்பகம் என்பதால் அதன் பட்டியலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஹாவியெர் சமோராவின் ‘சொலித்தோ’. எல் சால்வடோரிலிருந்து 1999இல், ஒன்பது வயதில், பெற்றோர் இருக்கும் அமெரிக்காவை நோக்கி முன்பின் அறியாதவர்களோடு புறப்பட்டுப்போன தன் பயணத்தை, அந்த வயதுச் சிறுவனின் கண்ணாலேயே அவர் எழுதியிருக்கிறார். இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லப்பட்ட பயணம் ஒன்பது வாரமாக நீள்கிறது. அதில் இரவுக் கடலில் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பகுதி ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்தவர்கள் தங்கள் படகுப் பயணத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, எரிபொருளின் வாடையும் குழந்தைகளின் வாந்தியும் வரும் இடத்தில் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவில் பிறந்த வலேரியா லுயிசெல்லி, நியூயார்க் குடியேற்ற நீதிமன்றத்தில் இப்படித் தனியாக வந்த பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்தவர். அங்கே அவர்களிடம் கேட்கப்படும் 40 கேள்விகளையே சட்டகமாக வைத்து ‘டெல் மீ ஹவ் இட் எண்ட்ஸ்’ என்ற சிறு கட்டுரை நூலை 2017இல் வெளியிட்டார். லூயிஸ் ஆல்பர்ட்டோ உர்ரேயாவின் ‘தி டெவில்ஸ் ஹைவே’, 2001 மே மாதம் அரிசோனாப் பாலைவனத்தைக் கடக்க முயன்ற 26 பேரில் 14 பேர் மாண்டதை விவரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று கடலில் கிடப்பதையும், அதைத் தாண்டிவிட்டவரின் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடப்பதையும் அறிந்த கரை இது. ஆகவே எல்லை பற்றிய இந்நூல்களுக்கு நம்மிடம் முன்னுரை தேவைப்படாது என்று நம்புகிறேன்.

நூல் வாங்கும் முன் சுவைத்துப் பார்க்க விரும்பினால், ‘வேர்ட்ஸ் வித்தவுட் பார்டர்ஸ்’, ‘அசிம்ப்டோட்’, ‘லத்தீன் அமெரிக்கன் லிட்டரேச்சர் டுடே’ ஆகிய மூன்று இணைய இதழ்களும் கதை, கவிதைகளைக் கட்டணமின்றித் தருகின்றன. கடைசியாகச் சொன்னது ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவருவதால் ஸ்பானியம் கற்பவர்களுக்கும் உதவும். கிண்டிலில் பெரும்பாலான நூல்களின் தொடக்கப் பக்கங்களை மாதிரியாக இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கங்கள் உங்களை இழுக்கவில்லை என்றால் தயங்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

தேடும்போது பெயர்கள் இடறும். ஸ்பானியத்தில் எச் எழுத்து ஒலிக்காது. ஆகையால் எர்ரேரா என்று கேட்ட பெயரை ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்கித் தேட வேண்டும். ஜே எழுத்து ‘ஹ’ ஆகும். இரட்டை எல் பல நாடுகளில் ‘ய’ ஆகும். தலையில் சுழிக்குறி இட்ட என் எழுத்து நம்முடைய ‘ஞ’வேதான். கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதும் மனுவெல் முஞோஸின் பெயரை எழுத ஆங்கிலத்துக்குச் சுழிக்குறி வேண்டும். நமக்கு ஓர் உயிர்மெய் எழுத்துப் போதும். இன்னொன்று, ஸ்பானியப் பெயர்களில் தந்தைவழிக் குடும்பப் பெயரும் தாய்வழிக் குடும்பப் பெயரும் அடுத்தடுத்து வரும். நூலக அட்டவணையில் அடுக்கப்படுவது தந்தைவழிப் பெயரின்படி என்பதால், கார்சியா மார்க்வெஸ் ‘ஜி’ வரிசையிலும், 2024இல் புலிட்சர் பரிசு பெற்ற கிறிஸ்டினா ரிவேரா கார்சா ‘ஆர்’ வரிசையிலும் இருப்பார்கள். கடைசிப் பெயரைப் பார்த்துத் தேடிவிட்டு, நூல் இல்லை என்று திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டு அச்சு நூல்களின் விலை நம் வருவாய்க்கு அதிகம்தான். ஆகவே சேர்ந்து வாங்குங்கள். நான்கு பேர் கூடி ஒரு நூல் வாங்கினால் ஒரு தடைக்காலத்துக்குள் நால்வரும் வாசித்து முடிக்கலாம். மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருநாள் பயணமாகப் போய், அங்கேயே அமர்ந்து தேடிப் பார்க்கலாம். சென்னையில் 2023 முதல் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியின் வழியாகவும் அரசின் மொழிபெயர்ப்பு நல்கை வழியாகவும் அயல்மொழி நூல்களும் தமிழுக்கு வருகின்றன. ஜனவரி மாதத்தில் புதிய மொழிபெயர்ப்புகளின் அறிவிப்பைக் கவனித்துவாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ‘லத்தீன் அமெரிக்க நூல்கள் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதிய வரிகளை வைத்து நூலகரால் எதையும் வாங்க இயலாது. நூலின் பெயர், ஆசிரியரின் முழுப்பெயர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் தெளிவாக எழுதி, கீழே உங்கள் உறுப்பினர் எண்ணைக் குறித்துவிட்டு, உடன் வந்த நண்பரையும் அதற்கடுத்த வரியில் வேறொரு நூலை எழுதச் சொல்லுங்கள்.